வீடு மாறுவார் கடன்

புது வீட்டிற் குடிபுகுவதற்கு நாம் நாள் பார்க்கின்றோம். வாயிலில் நிறைகுடம் வைத்து, குத்துவிளக்கேற்றி, அடுப்பிற் பால் பொங்கவிட்டு, உற்றாரையும் அயலாரையும் அழைத்து உணவிடுகின்றோம். வீட்டை விட்டு நீங்குதற்கோ நம்மிடம் ஒரு சடங்கும் இல்லை. தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றுகின்றோம். வெறுமையாய்க் கிடக்கும் அறைகளை ஒருமுறை எட்டிப் பார்க்கின்றோம். திறப்பை அயல்வீட்டார் கையிற் கொடுத்துவிட்டுப் படலையைச் சாத்திக்கொண்டு போய்விடுகின்றோம். வீடு என்னும் சொல் விடு என்னும் வினையடியிற் பிறந்தது என்பர் சொல்லாய்வார். விடுதலைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஒன்றை முறையாக விட்டுச் செல்ல நாம் இன்னும் பழகிக்கொள்ளவில்லை.

இங்கே நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. வீடு மாறும்போது அவ்வீட்டின் மின்சாரக் கணக்கையும் நீர்க் கணக்கையும் தீர்த்து முடித்தல், அல்லது அங்கே வரப்போகின்றவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்தல் என்பதே அது. இலக்கியப் பக்கத்தில் மின்மானிக்கு என்ன வேலை என்று அன்பர் சிலர் முறுவலிக்கக்கூடும். அறநூல்களைப் பாடஞ் சொல்லிக் கொடுக்கும் நாம், அந்த அறம் நம் வீட்டுச் சுவரில் தொங்கும் ஒரு சிறு பெட்டியளவிலேனும் நடைமுறைக்கு வந்ததா என்று எண்ணிப் பார்த்தல் தகும் என்பதே அவர்களுக்கு நான் கூறும் விடை.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகின்றேன். நான் ஓர் ஆசிரியன். ஆசிரியர்க்கு இடமாற்றம் என்பது மாரி மழை போன்றது. வரும் என்பது தெரியும், வரும் நாள் தெரியாது. சில ஆண்டுகளுக்கு முன் வடமராட்சியில் ஒரு வாடகை வீட்டிற் குடியிருந்தேன். வீட்டுச் சொந்தக்காரர் கனடாவில் இருந்தார். காலஞ்சென்ற அவர் தந்தையாரின் பெயருக்கு மாதந்தோறும் மின்சாரப் பட்டியல் வரும், நான் கட்டுவேன். இடமாற்றக் கடிதம் கிடைத்த ஒரு வாரத்துள் வலிகாமத்தில் வேறு வீடு பார்த்து, லான்ட்மாஸ்ரர் ஒன்றை வாடகைக்கு அமர்த்திப் புத்தகப் பெட்டிகளை ஏற்றினேன். கட்டாதிருந்த இரண்டு மாதப் பட்டியல்களும் ஏதோ ஒரு புத்தகத்துள் அகப்பட்டு என்னுடனேயே வந்துவிட்டன. பின்பு பார்த்துக்கொள்ளலாம் என எண்ணினேன். அந்தப் பின்பு வரவேயில்லை.

எனக்குப் பின் அவ்வீட்டுக்கு வந்தவர் கணவனை இழந்த ஒரு தாய். தையல் வேலை செய்து இரு பிள்ளைகளைப் படிப்பித்து வந்தார். என் நிலுவையும் தம் பாவனையும் சேர்ந்து ஒரு தொகையாய் வந்தபோது அதன் காரணம் அவருக்கு விளங்கவில்லை. கடல் கடந்திருந்த சொந்தக்காரரிடம் செய்தி போய், விடை வரப் பல நாட் சென்றன. அதற்குள் சிவப்பு அறிவித்தல் வந்தது. பின்னர் மின்சாரம் வெட்டப்பட்டது. மூத்த மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மாதம் அது. அத்தெருவில் இருந்த என் பழைய மாணவன் ஒருவன் சந்தையில் என்னைக் கண்டபோது, தயங்கித் தயங்கி இச்செய்தியைச் சொன்னான்.

மறுநாளே சென்றேன். நிலுவையையும் மீள இணைக்கும் கட்டணத்தையும் செலுத்தினேன். அந்த அம்மையார் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை, தேநீர் தந்தார். "நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லைத்தானே, மாஸ்ரர். ஆனால் பிள்ளை பதினொரு நாள் மண்ணெண்ணெய் விளக்கில படிச்சவள்" என்று மட்டும் கூறினார். பணத்தை அன்றே கட்டித் தீர்த்தேன். அந்தப் பதினொரு நாள்களை எந்தக் கந்தோரிற் கட்டித் தீர்ப்பது என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

தமிழிற் கடன் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. திருப்பிக் கொடுக்க வேண்டிய பணமும் கடன். செய்தே தீரவேண்டிய முறைமையும் கடன். இவ்விரு பொருளும் ஒருங்கே வந்து பொருந்தும் இடங்களுள் வீடு மாறுதல் ஒன்று. பட்டியலைக் கட்டாமற் செல்பவன் முதற் பொருளிற் கடனாளியாகின்றான். சொல்லாமற் செல்பவன் இரண்டாவது பொருளிற் கடனாளியாகின்றான். நான் இரு வகையாலும் ஆனேன்.

இத்தவறு எவ்வாறு நிகழ்கின்றது என்பதைச் சிறிது விளக்குதல் நன்று. மின்மானி ஆளை அறியாது, எண்ணையே அறியும். இம்மாத எண்ணிலிருந்து சென்ற மாத எண்ணைக் கழித்தால் வருவது செலவான அலகு. மானி வாசிப்பாளர் மாதத்துக்கு ஒருமுறை வருகின்றார். அவருடைய இரு வருகைகளுக்கிடையில் ஒருவர் போய் மற்றொருவர் வந்துவிட்டால், போனவர் செலவும் வந்தவர் செலவும் நீரும் பாலும்போற் கலந்துவிடும். பிரித்தெடுக்க எவராலும் இயலாது. நம் நாட்டில் அலகுகள் கூடக்கூட ஓர் அலகின் விலையும் படிப்படியாக ஏறுவதால், போனவரின் பாவனை வந்தவரை மேற்படிக்கு ஏற்றிவிடவும் கூடும். 2022 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மின் கட்டணம் சராசரி 75 வீதம் உயர்ந்தது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம் உயர்ந்தது. அதன் பின்னர்ச் சில குறைப்புகள் வந்தன எனினும், ஏழைக் குடும்பம் ஒன்று மின்சாரப் பட்டியலை எண்ணிப் பாராது கட்டிய காலம் போய்விட்டது. போகின்ற நாளில் மானியின் எண்ணை ஒரு தாளிற் குறித்துக்கொண்டால் இவ்வளவு சிக்கலும் இல்லை. அதற்கு வேண்டியது ஒரு நிமிடம்.

இம்முறைமை நம்மவர்க்குப் புதிதோ எனின், அன்று. யாழ்ப்பாணத்தார் மின்சாரத்தைக் காண்பதற்குப் பன்னெடுங் காலம் முன்னரே நீரைப் பங்கிட்டு வாழ்ந்தவர்கள். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு நமக்கு இல்லை. மழை நீர் சுண்ணக்கல்லினூடே இறங்கி நிலத்தடியில் தங்குகின்றது. அதனைக் கிணறு வெட்டி எடுத்தோம். கிணறு வெட்டுதல் தனியொருவனால் இயலாதபோது பலர் கூடி வெட்டினர். பங்குக் கிணறு என்பது அவ்வாறு தோன்றியதே. காணி உறுதியிற் பரப்பளவும் நாற்புற எல்லையும் எழுதியபின், கிணற்றிலுள்ள பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் எழுதப்படும். துலா மிதித்து இறைத்த காலத்திலும், இயந்திரம் வைத்து இறைக்கும் இக்காலத்திலும், இன்னார் முறை இன்ன நாள் என்பது பங்காளர் யாவர்க்கும் தெரிந்திருக்கும். ஒருவன் காணியை விற்றாலும் குத்தகைக்குக் கொடுத்தாலும் அவனுடைய இறைப்பு முறை யாருக்குப் போகின்றது என்பதை மற்றவர்களிடம் சொல்லாமல் இருக்க முடியாது. சொல்லாவிடின் மறுநாட் காலையிலேயே கிணற்றடியில் வழக்கு எழும்.

தேசவழமையும் இதனையே வேறு முகத்தாற் கூறுகின்றது. ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில், 1707 ஆம் ஆண்டு, கிளாஸ் ஈசாக்ஸ் என்னும் அதிகாரி யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் திரட்டி எழுதினார். பன்னிரண்டு முதலிமார் அதனைப் பார்வையிட்டு ஏற்றுக்கொண்டனர். காணியை விற்க விரும்புபவன் முதலில் உரித்தாளர்க்கும் பங்காளர்க்கும் அறிவித்தல் வேண்டும் என்னும் வழக்கம் அதிற் காணப்படுகின்றது. 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க முன்கொள்வனவுச் சட்டம் அவ்வுரிமையை இக்காலத்துக்கு ஏற்ப வகுத்தது. சட்ட நுணுக்கங்கள் எவ்வாறாயினும், அதன் உட்கருத்து ஒன்றே: நீ விட்டுப் போகும் பொருளோடு வேறு சிலர் வாழ்வு பிணைந்திருக்கின்றது, ஆதலின் சொல்லிவிட்டுப் போ.

கிணற்றடியில் இவ்வளவு கண்டிப்பாக இருந்த நாம் மின்மானி முன்னிலையில் ஏன் இவ்வளவு அசட்டையானோம்? காரணம் வெளிப்படை. கிணற்றிற் பங்காளர் முகத்துக்கு முகம் நின்றனர். மின்சாரத்தில் நமக்கும் நமக்குப் பின் வருபவர்க்கும் இடையில் ஒரு கந்தோர் இருக்கின்றது. கந்தோருக்குத் தானே கடன் என்று நினைக்கின்றோம். அக்கந்தோரின் பின்னால் மண்ணெண்ணெய் விளக்கில் ஒரு பிள்ளை படித்துக்கொண்டிருப்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நம் சீதன வழக்கமும் இச்சிக்கலை வளர்க்கின்றது. தந்தை வீடு கட்டுகின்றார். தம் பெயரில் மின் இணைப்புப் பெறுகின்றார். மகளுக்குத் திருமணம் பேசி, வீட்டையும் வளவையும் சீதனமாக உறுதி முடித்துக் கொடுக்கின்றார். நொத்தாரிசார் முன்னிலையில் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்து எழுதுவிக்கின்றார். ஆனால் மின்சாரக் கணக்கு தந்தை பெயரிலேயே நின்றுவிடுகின்றது. அவர் காலமாகின்றார், மகள் குடும்பத்தோடு வெளிநாடு செல்கின்றாள், வீடு வாடகைக்குப் போகின்றது, ஒரு குடியிருப்பாளர் போய் மற்றொருவர் வருகின்றார். ஈற்றிற் காணி ஒருவருடையது, கணக்கு இறந்துபோன ஒருவருடையது, விளக்கு வேறொருவருடையது என்றாகின்றது. ஏதேனும் பிழை நேர்ந்தால் முறையிடுவதற்கு உரியவர் யார்? பட்டியலிற் பெயர் உள்ளவர் சுடலையில் எரிந்து ஆண்டுகள் பலவாயின. பெயர் மாற்றத்துக்கு உறுதியின் பிரதி வேண்டும். அடையாள அட்டை வேண்டும். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் வேண்டும். முந்திய நிலுவை தீர்ந்திருத்தல் வேண்டும். தந்தை உயிரோடிருந்த காலத்தில் ஒரு கையெழுத்தில் முடிந்திருக்கக்கூடிய காரியம், பின்னர் மூன்று நாடுகளிலுள்ள சகோதரர் ஐவரின் கையெழுத்தைத் தேடும் காரியமாகிவிடுகின்றது.

பெயரை மாற்றாதிருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதனை நான் எள்ளி நகையாட மாட்டேன். என் நண்பர் ஒருவர், "அப்பாவின் பெயருக்குக் கடிதம் வரும் இடம் இந்த ஒன்றுதான் மிச்சம், அதையும் அழித்துவிட மனம் வரவில்லை" என்றார். கேட்ட மாத்திரத்தில் எனக்கு மறுமொழி தோன்றவில்லை. பிறகு எண்ணிப் பார்த்தேன். தந்தையின் பெயர் வீட்டு முகப்பில் இருக்கட்டும். பேரன் பெயரில் இருக்கட்டும். அவர் நட்ட கறுத்தக்கொழும்பான் மாமரத்தில் இருக்கட்டும். நிலுவையும் சிவப்பு அறிவித்தலும் வரக்கூடிய தாளில் அப்பெயர் ஏன் இருக்க வேண்டும்? வாழ்நாளில் ஒருவர்க்கும் ஒரு சதமும் கடன் வையாது வாழ்ந்த மனிதரை, இறந்தபின் கடன்காரர் இடாப்பில் நிறுத்துதல் அன்பு ஆகாது.

இவ்விடத்தில் ஒரு தடை எழும். அதனை எழுப்புவார்க்கு அவ்வுரிமை முழுவதும் உண்டு. 'ஊர் ஊராக இடம்பெயர்ந்த மண்ணில் இருந்துகொண்டு, கணக்கு முடித்து வீடு மாறுவதைப் பற்றிப் பேசுகின்றீரே! எங்களுக்குக் கதவைப் பூட்ட நேரம் இருந்ததா?' என்று அவர்கள் கேட்பர். உண்மை. 1990 யூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினர். அவர்களுட் பலர் தம் காணியை மறுபடி மிதிக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதே ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி, யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் மக்கள் இரண்டு மணி நேரத்துள் வெளியேற வேண்டுமென விடுதலைப் புலிகளாற் கட்டளையிடப்பட்டனர். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடுகளை அவர்கள் அப்படியே விட்டுச் சென்றனர். சரியாக ஐந்து ஆண்டு கழித்து, 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி, வலிகாமம் முழுவதும் ஓர் இரவிற் பெயர்ந்தது. கொட்டும் மழையில் இலட்சக்கணக்கானோர் செம்மணி வழியாகவும் நாவற்குழிப் பாலத்தினூடாகவும் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். கையிலே பிள்ளை, தலையிலே மூட்டை, மூட்டைக்குள்ளே காணி உறுதி.

அக்காலத்தில் முடிப்பதற்கு மின்சாரக் கணக்கும் இருக்கவில்லை. 1990 இன் பின் குடாநாடு தேசிய மின் வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. ஜாம் போத்தலின் அடியிற் சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சும் இட்டு ஏற்றிய விளக்கிலே ஒரு தலைமுறை படித்தது. சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டது. போர் முடிந்து சில ஆண்டுகள் சென்ற பின்னரே பெருவலையமைப்பின் மின்சாரம் மறுபடி குடாநாட்டை வந்தடைந்தது. மீண்டு வந்தோர் வீடுகளிற் கூரை இருக்கவில்லை, மானி இருக்கவில்லை, கம்பியும் இருக்கவில்லை. புதிதாக இணைப்புக் கேட்கச் சென்றபோது, உறுதி எங்கே, பழைய கணக்கு யார் பெயரில் இருந்தது என்னும் கேள்விகள் அவர்களை எதிர்கொண்டன. சிலரிடம் உறுதி இருந்தது. உறுதியிலே பெயர் உள்ளவர் இல்லை. சிலரிடம் ஆள் இருந்தார், உறுதி இல்லை.

இத்தடையை நான் மறுக்கப் போவதில்லை. மறுக்காமல் அதிலிருந்து இரண்டு முடிவுகளைப் பெறுகின்றேன். முதலாவது: முறையாக விட்டுப் போக முடியாதவர்களிடம் எவ்விதக் குற்றமும் இல்லை. அவர்கள் விடயத்தில் கடன்பட்டிருப்பவை கந்தோர்களே. ஆவணங்களை அழித்தது மக்கள் அல்லர் என்பதை நினைவிற் கொண்டு, அயலாரின் சாட்சியையும் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலையும் ஏற்று, கணக்கை உரியவர் பெயருக்கு இலகுவாக மாற்றிக் கொடுத்தல் அவற்றின் கடமை. இரண்டாவது: கணக்குத் தீர்த்து, சொல்லிக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் வீட்டை விட்டுப் போகக் கிடைப்பது ஒரு பேறு. நம் அயலவர்கள் ஆயிரமாயிரம் பேருக்கு அது கிடைக்கவில்லை. மானியின் எண்ணைப் பார்த்துக் குறிக்க அந்த இரவில் அவர்களுக்கு ஒரு நிமிடம் இருக்கவில்லை. அந்த நிமிடம் இன்று நம் கையில் இருக்கின்றது. அதனைச் சோம்பலாற் கழிப்பவன், அவர்கள் இழந்த ஒன்றை மதியாது எறிகின்றான் என்றே சொல்வேன்.

இனி, பூட்டிய வீடுகளைப் பற்றி ஒரு சொல். குடாநாட்டின் எந்த ஒழுங்கையில் நடந்தாலும் அத்தகைய வீடு ஒன்றைக் காணலாம். பிள்ளைகள் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருப்பர். ஆண்டுக்கொரு தடவை கோயில் திருவிழாவுக்கு வருவர். வீட்டில் விளக்கு எரியாவிடினும் இணைப்பு உள்ளவரை மாதாந்த நிலையான கட்டணம் ஏறிக்கொண்டேயிருக்கும். ஆண்டுகள் சில செல்ல அது ஒரு தொகையாய்த் திரள, இணைப்பு வெட்டப்பட, பின்னொரு நாள் அவ்வீட்டை வாங்குபவரோ வாடகைக்கு எடுப்பவரோ அந்தப் பழைய முடிச்சை அவிழ்க்க அலைவர். வீட்டைப் பூட்டும்போதே ஓர் உறவினருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்துச் செல்லலாம். அல்லது கணக்கை முறைப்படி முடித்து, கட்டிய வைப்புப் பணத்தை மீளக் கேட்கலாம். இரண்டும் செய்யாது, சோலைவரி முதல் மின்சாரம் வரை எல்லாவற்றையும் முதிய தாயின் தலையிற் சுமத்திவிட்டு விமானம் ஏறுதல் தகாது.

நீர்க் கணக்கு நம்மவர் பலருக்குப் புதியது. கிணற்றை நம்பி வாழ்ந்த நமக்கு இப்பொழுது குழாய் நீர் வருகின்றது. கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நன்னீரைப் பெறத்தக்க தாளையடி நிலையம் 2024 ஓகஸ்ட் மாதத்தில் திறந்துவைக்கப்பட்டது. கடலிலிருந்து உப்பைப் பிரித்தெடுக்கப் பெருமளவு மின்சாரம் செலவாகின்றது. ஆகவே அந்நீரின் ஒவ்வொரு துளியிலும் மின்சாரமும் பணமும் கரைந்திருக்கின்றன. கிணற்று வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஊருக்குப் போனவன் ஒன்றையும் இழக்கவில்லை. குழாயின் தலைவால்வை மூடாமற் போகின்றவன், ஒரு சிறு ஒழுக்கினால், ஆளில்லா வீட்டில் மாதக் கணக்கில் நீரை மண்ணுக்கு வார்க்கின்றான். பட்டியலை அடுத்தவனுக்கு வைக்கின்றான். பழைய கிணற்றடி ஒழுக்கத்தைப் புதிய குழாயடிக்கும் கொண்டுவருதல் நம் தலைமுறையின் வேலை.

கந்தோர்கள் செய்யத்தக்கவற்றையும் கூறிவிடுகின்றேன். இலங்கை மின்சார சபை 1969 இல் தோற்றுவிக்கப்பட்டது. அதனை மறுசீரமைத்தற்கென 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. பலகையில் எப்பெயர் எழுதப்பட்டாலும் சரி, படலையடியில் நிற்கும் மானி அதே மானிதான். அதனோடு பட்ட சிக்கலும் அதே சிக்கல்தான். தமிழ்நாட்டில் மின் வாரியம் 2023 இல் பெயர் மாற்றத்துக்கென்றே சிறப்பு முகாம்களை நடத்தியது. நமக்கு அவ்வழி இன்னும் எளிது. பிரதேச செயலகங்கள் பிறப்புச் சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் நடமாடும் சேவை நடத்துகின்றன. அவ்விடத்திலேயே மின்சாரத்துக்கு ஒரு மேசையும் நீருக்கு ஒரு மேசையும் போட்டால், கிராம அலுவலரும் அருகிலேயே இருப்பார். மூன்று கந்தோருக்கு அலையும் முதியவர் ஒரு மரநிழலிற் காரியத்தை முடித்துக்கொள்வார். விண்ணப்பப் படிவம் தமிழ் வாசிக்கத் தெரிந்த எவரும் தாமே நிரப்பத்தக்க தமிழில் இருத்தல் வேண்டும். வாடகைக் குடியிருப்பாளர் மாறும்போது இடைநாள் வாசிப்பைக் கேட்டுப் பெறும் வழி எளிதாக இருத்தல் வேண்டும். போனவரின் நிலுவையை வந்தவரின் விளக்கின்மேற் சுமத்தாத ஒழுங்கு ஒன்று வேண்டும். கடன் ஆளைத் தொடர்தல் நியாயம். வீட்டைத் தொடர்தல் நியாயமன்று.

எனினும், கந்தோர் திருந்தும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. வீடு மாறுபவர் செய்ய வேண்டியவை சிலவே. போவதற்கு இரண்டு வாரத்துக்கு முன் சொந்தக்காரருக்கும் உரிய கந்தோருக்கும் எழுத்தில் அறிவித்தல். போகும் நாளில், வருபவரோ சொந்தக்காரரோ உடன் நிற்க, இரு மானிகளின் எண்களையும் திகதியோடு இரண்டு தாளில் எழுதி ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுதல். அன்றுவரை உள்ள பணத்தைக் கட்டிப் பற்றுச்சீட்டை வீட்டிலேயே விட்டுச் செல்லுதல். கணக்குத் தம் பெயரில் இருந்தால் அதனை முடித்தல் அல்லது மாற்றுதல். புதிய முகவரியை அயல்வீட்டாரிடம் கொடுத்தல். வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுக்கும் தந்தையர் உறுதி முடித்த அதே வாரத்தில் கணக்கையும் மாற்றிவிடலாம். நொத்தாரிசார்கள் இதனை ஒரு வார்த்தை நினைவூட்டினால் அது பெரும் புண்ணியம்.

ஆசிரியர்களுக்குச் சிறப்பாக ஒன்று சொல்வேன். இடமாற்றத்தால் நாம் மற்றவரைக் காட்டிலும் அதிகமாக வீடு மாறுகின்றோம். ஒரு பாடசாலையிலிருந்து போகும்போது வரவு இடாப்பையும் புள்ளிப் பதிவேட்டையும் ஆய்வுகூடத் திறப்பையும் எண்ணி ஒப்படைத்துக் கையொப்பம் வாங்குகின்றோம். ஒன்று குறைந்தாலும் அதிபர் விடமாட்டார். வாடகை வீட்டில் அதிபர் இல்லை என்பதற்காக நம் ஒழுக்கம் குறைந்துவிடலாமா? மேலும், ஆசிரியர் எப்படி வந்தார் என்பதை ஊர் மறந்துவிடும். எப்படிப் போனார் என்பதை மறவாது. அத்தெருவில் நம் மாணவர் இருப்பர். நாம் வகுப்பிற் சொன்னவற்றை நாம் விட்டுச் சென்ற வீட்டின் படலையில் அவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பர். எனக்கு அது நேர்ந்தது.

இவ்வாண்டு நான் மறுபடியும் வீடு மாறினேன். போகும் நாட் காலையில் வீட்டுக்கார ஆச்சியை அழைத்தேன். எழுபது வயதைத் தாண்டியவர். மானிப் பெட்டி முன் நின்று, நான் எண்ணை வாசிக்க அவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வோர் இலக்கமாக ஒத்துப் பார்த்தார். இரண்டு தாளிலும் கையொப்பமிட்டோம். பற்றுச்சீட்டைச் சாமி அறையில் விளக்கின் அடியில் வைத்தார். "முந்தி இருந்தவை ஒருத்தரும் இப்பிடிச் செய்யேல்லைத் தம்பி. ஆர் சொல்லித் தந்தது?" என்று கேட்டார். பதினொரு நாள் மண்ணெண்ணெய் விளக்கிற் படித்த ஒரு பிள்ளை என்று சொன்னேன். ஆச்சிக்கு அது விளங்கியதோ இல்லையோ, தாளை நாலாய் மடித்துக் காணி உறுதி வைக்கும் பெட்டிக்குள்ளே வைத்தார்.